முதல் வகுப்புச் சும்மாடு

ரயில்வே ஒரு மனுஷனுக்கு மரியாதை செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் அவனால் தப்பிக்க முடியாது. மூணுபெட்டிக்கு இது அறுபத்தாறு வயதில்தான் தெரிந்தது.

மூணுபெட்டி என்பது பட்டப்பெயர். தலையில் இரண்டு, கையில் ஒன்று, ஒரே நடையில் மூன்று பெட்டி என்று முப்பத்தோரு வருஷம் ஒரே நிலையத்தில் போர்ட்டராக இருந்ததில் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்ட அன்று நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கியது. போர்ட்டர்கள் ரயில்வேயின் ஊழியர்கள் அல்ல, ஆகவே ஓய்வூதியம் கிடையாது. ஆனால் ரயில்வே குடும்பத்தின் அங்கம், ஆகவே மரியாதை உண்டு. மரியாதை ஒரு அட்டையாக வந்தது. அதிவேக ரயிலின் முதல் வகுப்பில், ஒரே ஒரு முறை, ஒரு வழி மட்டும் போகலாம். திரும்பி வருவதைப் பற்றி அட்டையில் ஒன்றும் இல்லை. மூணுபெட்டி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். நான்கு வருஷம் மாட்டியபடியே இருந்தது.

இறக்கவைத்தது அவர் மனைவி. இரண்டு கண்ணிலும் புரை. தூரத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு மாசம் காத்திருந்து ஒரு தேதி கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குள் வீட்டுக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் அடுத்தவர் உள்ளே போவார், இவள் மறுபடி எட்டு மாசம் காத்திருக்க வேண்டும். தங்கச்சியின் கையெழுத்து செல்லாதா என்று கேட்டதற்குச் செல்லாது என்றார்கள். பரிசோதனைகளுக்காக அவள் தங்கச்சியோடு இரண்டு நாள் முன்னாடியே பஸ்ஸில் கிளம்பினாள்.

"எட்டு மணி நேரம் பஸ்ல உக்காந்தா உன் இடுப்பு வேலைநிறுத்தம் பண்ணிடும். அந்த அட்டைய எறக்கு. பல்லி ஒளிஞ்சுக்க எடம் வேணும்னா வேற படம் மாட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அட்டை செல்லுபடியாக மூன்று அதிகாரிகளின் கையெழுத்து தேவைப்பட்டது. இரண்டு நாள் அதற்குச் சரியாகப் போயிற்று. ரயில் காலை எட்டுக்குக் கிளம்பும். மூன்றாவது நிறுத்தம் பத்து பத்து. அங்கிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். கணக்கு சுத்தமாக இருந்தது.

நடைமேடையில் பழைய கூட்டாளிகள் காத்திருந்தார்கள். விசில் என்கிற போர்ட்டர் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"அண்ணே, சாமானைக் குடுங்க."

"போடா. ஒரு மாத்துத் துணி, ஒரு மருந்துச் சீட்டு. அதுக்கு ஆளு வேற."

"முதல் வகுப்புக்காரங்க தானே தூக்கிட்டுப் போனா நாங்க என்னத்துக்கு இருக்கோம்? பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்கண்ணே."

துணிப்பையைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு, பாரம் தாங்காதவன் மாதிரி இரண்டு பக்கமும் தள்ளாடி நடந்தான். மற்றவர்கள் சிரித்து ஓய்வதற்குள் ரயில் வந்துவிட்டது.

முதல் வகுப்புப் பெட்டிக்கு இரண்டு கதவு. முன்கதவு மனிதர்களுக்கு, பின்கதவு சாமான்களுக்கு. பின்கதவுக்குள் ஒரு திரை, திரைக்கு இந்தப் பக்கம் சாமான் அடுக்கும் இடம். அதற்குள் மூணுபெட்டி நூற்றுக்கணக்கான தடவை போய் இருபது நொடியில் வெளியே வந்திருக்கிறார். திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை. இன்றைக்கும் கால் தன் பாட்டுக்குப் பின்கதவுக்கே போயிற்று. வெள்ளைக் கையுறை போட்ட பணிப்பெண் ஓடிவந்து அவரைத் திருப்பி முன்கதவுக்குக் கூட்டிப்போனாள்.

"வருக, மதிப்பிற்குரிய விருந்தினரே."

மூணுபெட்டி விலகி நின்று பின்னால் வருகிறவருக்கு வழிவிட்டார். பின்னால் யாரும் இல்லை.

இருக்கை, இருக்கை மாதிரி இல்லை. உட்கார்ந்தால் உள்வாங்கிக்கொண்டது. அவர் விளிம்பில் ஒண்டினார். பணிப்பெண் ஒரு தட்டில் இடுக்கி வைத்துக் கொண்டுவந்தாள். இடுக்கியின் நுனியில், சுருட்டி வைத்த வெள்ளைத் துண்டு ஒன்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. சுருட்டிய துண்டைக் கையில் கொடுத்தால் என்ன செய்வது என்பதில் அவருக்கு முப்பத்தோரு வருஷமாகச் சந்தேகம் வந்ததில்லை. வாங்கினார், வட்டமாகச் சுற்றினார், சும்மாடாக உச்சந்தலையில் வைத்து அழுத்திக்கொண்டார். வெந்நீர் காதோரம் இறங்கியது. கையை நீட்டி எந்தப் பெட்டி என்று பார்த்தார்.

எதிர் இருக்கையில் பருத்த வக்கீல் ஒருவர் இருந்தார். தன் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அவருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அதுல மூஞ்சி தொடைக்கணும்" என்றார் தலைமையாசிரியை, சத்தமில்லாமல்.

"இவ்ளோ நல்ல துண்டுலயா?" என்றார் மூணுபெட்டி.

ரயில் கிளம்பியதே தெரியவில்லை. நடைமேடை தானாக நழுவிப் போயிற்று. சுவரில் இருந்த வேகப் பலகையில் எண்கள் ஏறி முந்நூறில் நின்றன. அதற்குள் விருந்தோம்பல் மேலாளர் வந்தார். நெட்டையான மனிதர், கழுத்தில் பட்டை, கையில் படிவக் கட்டு. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை விருந்தினரின் மனநிலையைப் பதிவு செய்வது அவர் வேலை.

"ஐயா, தாங்கள் இப்போது எப்படி உணர்கிறீர்கள்?"

"நல்லா இருக்கேன்."

மேலாளர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் கட்டம் இதில் இல்லை ஐயா. பேரானந்தம், பரவசம், சொல்ல வார்த்தையில்லை. இந்த மூன்றில் ஒன்று."

"இடுப்பு கொஞ்சம் வலிக்குது."

"சொல்ல வார்த்தையில்லை" என்று குறித்துக்கொண்டார் மேலாளர்.

இருக்கையை இயக்க ஒருத்தி வந்து பயிற்சி கொடுத்தாள். தலையணை அறிமுகம் செய்ய இன்னொருத்தி வந்தாள். மெல்லிய, திடமான, நடுத்தர என்று மூன்று தலையணைகளையும் அவர் கழுத்தில் வைத்து வைத்து எடுத்தாள். பழச்சாறு வந்தது. அதைக் குடிக்கலாம் என்று சொல்ல ஒரு அட்டை வந்தது. இத்தனை பேர் நின்றுகொண்டிருக்கத் தான் மட்டும் உட்கார்ந்திருப்பது மூணுபெட்டிக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்கள்.

முதல் நிறுத்தத்தில் இன்னும் சிலர் ஏறி, துண்டு வாங்கி, பரவசத்தில் பதிவானார்கள். யாரும் இறங்கவில்லை. அது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. மேலாளர் அடுத்த பதிவுக்கு வந்தபோது மூணுபெட்டி சாதாரணமாகத்தான் சொன்னார்:

"சார், நான் மூணாவது நிறுத்தத்துல எறங்கணும். கொஞ்சம் முன்னாடியே சொல்லுங்க."

மேலாளர் பேனாவை மூடினார். பணிப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"இறங்குவதில் ஒரு சிரமமும் இல்லை ஐயா" என்றார் மேலாளர். "வழியனுப்பு முறையில் மொத்தம் ஒன்பது கட்டங்கள். நன்றியுரை, பழச்சாறு, மலர்க்கொத்து, நினைவுப் படம், கருத்துப் பதிவேடு, இப்படிப் போகும். கடைசியில் கதவிலுள்ள பட்டு நாடாவைத் தாங்களே கத்தரித்து இறங்குவீர்கள். பதினாலு நிமிடம் ஆகும்."

"ரயில் எவ்ளோ நேரம் நிக்கும்?"

"இரண்டு நிமிடம்."

மூணுபெட்டி விரல்விட்டு எண்ணவில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். "அப்ப ரயில் நிக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடலாமே?"

"ஓடும் ரயிலில் வழியனுப்புவது பாதுகாப்பு விதிகளுக்கு முரண்."

"அப்ப எப்படி சார் எறங்கறது?"

மேலாளரின் குரல் கனிந்தது. இந்தக் கேள்விக்கென்றே வைத்திருந்த உரை அது. "ஐயா, வேகம் எங்கள் இஞ்சினின் பெருமை. நிதானம் எங்கள் பெருமை. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய் இந்த ரயில் மிச்சப்படுத்துகிற நேரம் முழுவதையும் நாங்கள் விருந்தினருக்கே செலவிடுகிறோம். முறையாக வழியனுப்பப்படாமல் முதல் வகுப்பிலிருந்து ஒருவர்கூட இதுவரை இறங்கியதில்லை."

"முறையா எத்தனை பேர் எறங்கியிருக்காங்க?"

"அந்தப் புள்ளிவிவரம் வேறு துறையில் இருக்கிறது. தாங்கள் கவலைப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக ரயில் ஆறு மணி நேரம் நிற்கும். அன்று ஒருவர் விடாமல் வழியனுப்பிவிடுவோம்."

"இன்னிக்கு வியாழக்கிழமை."

"நடுவிலுள்ள நாட்கள் எங்கள் அன்பளிப்பு" என்று சொல்லி, "பேரானந்தம்" என்று குறித்துக்கொண்டு மேலாளர் அடுத்த இருக்கைக்குப் போனார்.

மூணுபெட்டி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் இருமினார்.

"திங்கக்கிழமை ஏறினேன். அன்னிக்குத்தான் என் வழக்கு. செவ்வாய்க்கிழமை கோர்ட்டைப் பாத்தேன், ஜன்னல் வழியா. நேத்தும் ரயில் போறப்ப ஒண்ணு, திரும்பறப்ப ஒண்ணுன்னு ரெண்டு தடவை பாத்தேன். நீங்க எறங்கப் போற அதே ஊர்தான். நல்ல கட்டடம்."

"உங்க பெட்டி?"

"பெட்டியெல்லாம் திங்கக்கிழமையே எறங்கிடுச்சு. சாமான் பிரிவு ரொம்பக் கறார். சீட்டுல எந்த ஊர் எழுதியிருக்கோ அங்க எறக்கிடுவாங்க. இந்தக் கைப்பெட்டி மட்டும் எங்கிட்ட இருக்கு."

"கதவு தொறந்துதானே இருக்கும்? ஓடிட வேண்டியதுதானே சார்?"

வக்கீல் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மரியாதை முடியறதுக்குள்ள எறங்கினா பட்டியல்ல நம்ம பேரை இரண்டாம் வகுப்புக்கு மாத்திடுவாங்க. அப்புறம் ஆயுசு முழுக்க இரண்டாம் வகுப்புதான்."

"இரண்டாம் வகுப்புல எறங்க முடியுமா?"

"அவங்களுக்கு என்ன, ரயில் நின்னா எறங்கிப் போயிட்டே இருப்பாங்க." குரலில் பொறாமை இருந்தது.

இரண்டாவது நிறுத்தம் தலைமையாசிரியையின் ஊர். ரயில் நின்றதும் அவர் எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டு முன்கதவுக்குப் போனார். நாடா கட்டினார்கள். நன்றியுரை ஆரம்பமானது. 'காலந்தோறும் பயணம்' என்கிற பத்தியில் மேலாளர் இருந்தபோது கதவு மூடிக்கொண்டது. எல்லோரும் மெல்லக் கைதட்டினார்கள். தலைமையாசிரியை திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் பரவாயில்ல. நேத்து 'மதிப்பிற்குரிய'ன்னு சொல்றப்பவே ரயில் கிளம்பிடுச்சு" என்றார். "நாப்பது வருஷம் புள்ளைங்கள வரிசையில நிக்கவெச்சுப் பேசினேன். அந்தச் சாபம்."

அதே இரண்டு நிமிஷத்தில், மூணுபெட்டியின் முதுகுக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் தடதடவென்று சத்தம் கேட்டு அடங்கியது. அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும். ஆறு பெட்டி இறங்கியிருக்கிறது.

அவர் எழுந்து மேலாளரிடம் போனார். "சார், எனக்குப் பட்டியலெல்லாம் வேண்டாம். என்னைய இரண்டாம் வகுப்புன்னே எழுதிக்குங்க. வீட்டுல கண்ணு ஆபரேசன். பதினோரு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்."

"புரிகிறது ஐயா. ஆனால் தங்கள் அட்டை முதல் வகுப்புக்கானது. அதை மாற்ற மூன்று அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும்." மேலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கள் மனைவியின் ஆபரேசன் நல்லபடியாக முடிய நிர்வாகத்தின் வாழ்த்துகள். வேண்டுமானால் வாழ்த்து அட்டை அனுப்புகிறோம்."

இரண்டு பக்கமும் இரண்டு பேர் முழங்கையைத் தாங்கி அவரை இருக்கைவரை கூட்டிவந்து விட்டார்கள். அவர் பிடி பெட்டிகளைப் பார்த்த பிடி. உதறினால் இரண்டு பேரும் சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஆனால் அவ்வளவு மெல்லத் தொடுகிறவர்களை உதறுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"எங்கய்யா இருக்க?"

"ரயில்லதான். பத்து பத்துக்கு அங்க வந்துடும்."

"ரயில் வரும். நீ?"

"அதாம்மா... ரயில் நிக்கும். என்னைய விடமாட்டாங்களாம்."

"என்னத்தத் திருடித் தொலைச்ச?"

"ஒண்ணும் திருடல. மரியாதை பண்றாங்க."

"உனக்கா?" என்றாள் அவள்.

அவர் பதினாலு நிமிஷத்தையும் இரண்டு நிமிஷத்தையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னார்.

"இந்தா பாரு. எட்டு மாசமா உன் மூஞ்சி எனக்கு ஈரம் ஊறின சுவரு மாதிரிதான் தெரியுது. இன்னொரு எட்டு மாசம் அதைப் பாத்துட்டு என்னால இருக்க முடியாது. இங்க ஒருத்தி என் சீட்டுக்குப் பக்கத்துல வந்து உக்காந்து, வருவாரா வருவாரான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் போயிட்டா அவ உள்ள போவாளாம்." அவள் குரல் கொஞ்சம் உடைந்து, உடனே நேரானது. "முப்பத்தோரு வருஷம் ஊர்ப்பட்ட பெட்டியெல்லாம் ஒரு நிமிஷத்துல எறக்கின ஆளு. உன்னைய எறக்கிக்கத் தெரியலையா உனக்கு?"

வைத்துவிட்டாள்.

மூணுபெட்டி தலையைத் தொட்டுப் பார்த்தார். சும்மாடு இன்னும் அங்கேயே இருந்தது. ஆறிப்போயிருந்தது. மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். "அம்மா, காஞ்ச துண்டு ஒண்ணு கெடைக்குமா?"

"துண்டைச் சூடாகத்தான் தர வேண்டும், விருந்தினரே."

"ஈரத்துண்டு வழுக்கும்மா. பெட்டி நிக்காது."

அவள் அவர் தலையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், மடிப்புக் கலையாத காய்ந்த துண்டு ஒன்றைத் தட்டில்கூட வைக்காமல் கையோடு கொண்டுவந்து கொடுத்தாள். "எங்கம்மாவுக்கும் புரைதான்" என்றாள். அந்த முதல் வகுப்பில் அன்று பணியாளர் ஒருவர் விதிப்படி இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

ரயில் வேகம் குறைய ஆரம்பித்ததும் மூணுபெட்டி எழுந்து திரைக்குப் பின்னால் போனார். பெட்டிகள் சீட்டோடு அடுக்கியிருந்தன. இந்த ஊர்ச் சீட்டுள்ள மூன்றைப் பார்த்து எடுத்தார். பெரியது கீழே, சின்னது மேலே, கைப்பிடி வெளிப்பக்கம், மூன்றாவது கையில். ஈரச் சும்மாட்டை எடுத்துவிட்டுக் காய்ந்த துண்டைச் சுற்றி வைத்தார். துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கினார். மூச்சை இழுத்துக் குனிந்து ஏற்றினார். நான்கு வருஷம் சும்மா கிடந்த கழுத்து ஒருமுறை முனகிவிட்டு ஒத்துக்கொண்டது. காலையிலிருந்து முதன்முறையாக இடுப்பு வலிக்கவில்லை.

ரயில் நின்றது. பின்கதவு திறந்தது. அதே நேரம் திரை விலகி மேலாளர் தலையை நீட்டினார். கையில் மலர்க்கொத்து, முகத்தில் பதற்றம். இருக்கையில் ஆளைக் காணாமல் தேடி வந்திருந்தார். பெட்டிகளுக்குக் கீழே இருந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"யோவ்! என்னய்யா நட்டநடுவுல நிக்கற? ஓரமா போய்யா! உள்ள ஒரு பெரிய மனுஷரை வழியனுப்பணும், அவரைக் காணோம்னு நானே தவிச்சுக்கிட்டு இருக்கேன்!"

மூணுபெட்டிக்குக் காது குளிர்ந்தது. காலை எட்டு மணியிலிருந்து முதன்முறையாக ஒருவர் அவரிடம் அவருக்குப் பழகின பாஷையில் பேசியிருக்கிறார்.

"வழி, வழி!" என்று கத்திக்கொண்டு இறங்கினார்.

பெட்டிகளைச் சாமான் வண்டியில் சீட்டு வெளியே தெரிய அடுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பின்னால் இன்னொரு "வழி, வழி!" கேட்டது. பள்ளிக்கூட மணி மாதிரி கணீரென்ற குரல். தலைமையாசிரியை, தலையில் சும்மாடு, அதன்மேல் கைப்பை, ஒரு நிறுத்தம் தள்ளியானாலும் சரி என்று வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வக்கீல். மேலாளர் அவருக்கும் வழிவிட்டு, "ஏன்யா இன்னிக்கு இத்தனை பேர் வந்தீங்க? பெட்டி அவ்ளோ இல்லையே!" என்று எரிந்து விழுந்துவிட்டு முன்பக்கம் ஓடினார்.

நிலையத்துப் போர்ட்டர் ஒருவன் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தான். "யாரு நீங்கல்லாம்? எந்தச் செட்டு?"

"வெளியூர் செட்டு" என்றார் தலைமையாசிரியை.

கதவு மூடிக்கொண்டது. ரயில் நழுவியது. கண்ணாடிக்குள் மேலாளர் மலர்க்கொத்தோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

வக்கீல் மட்டும் நடைமேடை நடுவில் கைப்பெட்டியைத் தலையில் வைத்தபடி ஆடாமல் அசையாமல் நின்றார்.

"ஏம்ப்பா, இதை எப்படி எறக்கறது?"

"குனியணும் சார். முதுகை வளைக்காம முழங்காலை மடக்குங்க."

"குனிஞ்சு பழக்கமில்லையே."

"அப்ப அப்படியே கோர்ட்டுக்கு நடங்க சார். ஜட்ஜே எறக்கிவிடுவாரு" என்று சொன்னாலும் மூணுபெட்டி போய் இறக்கிவைத்துவிட்டுத்தான் ஓடினார்.

பத்து நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பெருமூச்சு விட்டு எழுந்து தன் இடத்துக்குப் போனாள். ரயில்வேயின் பதிவேட்டில் அன்றைய முதல் வகுப்பு நிறைவாகவே இருந்தது. மூன்று விருந்தினர்கள் இறங்கியதாகக் குறிப்பு இல்லாததால் அவர்கள் மூவரும் இன்றுவரை பயணம் செய்துகொண்டிருக்கிறார்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அவர்கள் இருக்கைக்கு நேராக, சொல்ல வார்த்தையில்லை என்று குறிக்கப்படுகிறது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். மனைவி கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தாள். எட்டு மாசமாக மங்கிக் கிடந்த முகத்தைப் பார்த்தாள். அதில் புதிதாக விழுந்திருந்த சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பார்வை மேலே போயிற்று.

"என்னய்யா அது தலையில?"

தொட்டுப் பார்த்தார். வெள்ளைத் துண்டு. ஓரத்தில் தங்க நூலில் 'முதல் வகுப்பு' என்று தைத்திருந்தது.

"மரியாதை" என்றார் மூணுபெட்டி.

"எறக்கு" என்றாள் அவள். "மூஞ்சி தொடைக்கறதுக்காவது ஆகும்."